மெரினா யாருக்காக?

சென்னை மெரினா கடற்கரையை அழகுபடுத்த வேண்டும் என்ற பேச்சு புதிதல்ல. எந்தக் கட்சி கோட்டையில் அமர்ந்தாலும் இந்தப் பேச்சு எழுந்துகொண்டேதான் இருக்கிறது. புல்தரை, நீரூற்று, அலங்காரச் செடிகள், வானளாவிய விளக்குக் கம்பங்கள் என்று வரைபடங்கள் தயாராகின்றன.

நாம் அழகுக்கு விரோதிகள் அல்லர். ஒண்டுக் குடித்தனத்தில் ஆறு பேராக அடைந்து கிடக்கும் தொழிலாளி, தன் பிள்ளைகளோடு காசு கொடுக்காமல் காற்று வாங்கும் இடம் கடற்கரை ஒன்றுதான். கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வரும் விவசாயக் கூலி முதலில் கேட்பதும் அதைத்தான். அந்த இடம் சுத்தமாகவும் அழகாகவும் இருக்க வேண்டும் என்பதில் நம்மைவிட அக்கறை உள்ளவர்கள் யார்? ஆகவேதான் கேட்கிறோம்: இந்த அழகு யாருக்காக? யாருடைய செலவில்?

சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்ப்போம். 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் இங்கே நடைபாதை அமைத்து, இத்தாலிய நாட்டுக் கடற்கரைகளை நினைத்து மெரினா என்று பெயர் வைத்தார். ஆனால் இன்று நாம் காணும் அகன்ற மணல்வெளியை எந்தக் கவர்னரும் கொண்டுவந்து கொட்டவில்லை. வருஷத்தின் பெரும்பகுதியில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. 1870-களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் அதற்குக் குறுக்கே நின்றது. தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வராமல் கடல் கரையை அரித்தது. அங்கே மீனவர்களின் வீடுகளும் கோயில்களும் அலைக்கு இரையாயின. தென்புறத்து அழகுக்கு வடசென்னை உழைப்பாளி கொடுத்த விலை இது!

அந்த மணலிலேயே உழைப்பாளியின் சரித்திரமும் பதிந்திருக்கிறது. 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள், இந்த நாட்டின் முதல் மே தினத்தை சிங்காரவேலர் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான். நான்கு தொழிலாளர்கள் பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளர் சிலை 1959 முதல் அங்கே நிற்கிறது. சிலைக்கு இடம் கொடுத்த கடற்கரையில், உயிருள்ள உழைப்பாளிக்கு இடம் இருந்ததா?

1985-இல் அழகுபடுத்தல் என்ற பெயரில் மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற முனைந்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் பலியாயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் அருகே சாலையோர மீன் கடைகள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அப்புறப்படுத்தப்பட்டன. மீனவப் பெண்கள் சாலையில் அமர்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே 366 கடைகள் கொண்ட மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி வேண்டியதுதான். ஆனால் முதலில் அங்காடி, பிறகு கடைகளை மாற்றுவது என்பதல்லவா நியாயமான வரிசை? ஒரு வேளை உலை கொதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது வரைபடம் போடுகிறவர்களுக்குத் தெரியாதா?

2024 அக்டோபர் 6-ஆம் நாளை மறக்க முடியுமா? விமானப் படையின் சாகசம் பார்க்க லட்சக்கணக்கான மக்கள் நடுப்பகல் வெயிலில் மெரினாவில் கூடினார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஒதுங்க நிழலுக்கும் நாவை நனைக்கத் தண்ணீருக்கும் ஜனங்கள் தவித்தார்கள். ஒரு பொது இடத்துக்கு நிழலும் குடிநீரும் கழிப்பிடமுமே முதல் அலங்காரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கலாமா?

புல்தரையைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் சீமைப் புல்லை உயிரோடு வைக்க நாள்தோறும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, தாய்மார்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது. அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் தாமாகவே மணலைப் பிடித்து நிறுத்தும். புன்னையும் பூவரசும் பனையும் நிழல் தரும். இவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டியதில்லை. வெளிநாட்டு நிபுணரும் வேண்டியதில்லை.

விளக்கு விஷயத்திலும் இதே கதைதான். ஜனவரி முதல் இரவு நேரத்தில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. ஏறக்குறைய ஐம்பது நாளில் வெளிவரும் குஞ்சுகள், கடல் பக்கம் தெரியும் மெல்லிய வெளிச்சத்தை நம்பி நடக்கின்றன. கரையில் பட்டப்பகல் போல் விளக்கு எரிந்தால் அவை திசை மாறிச் சாலைக்கு வந்து சக்கரத்தில் நசுங்குகின்றன. இதற்காக ஊரையே இருட்டாக்கச் சொல்லவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்களுக்கு பஸ் நிறுத்தத்திலும், சுரங்கப் பாதையிலும், கழிப்பிடத்துக்குப் போகும் வழியிலும் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். அதற்கு, மூடி போட்டுத் தரையை மட்டும் காட்டும் தாழ்வான மஞ்சள் விளக்குகள் போதும். கடலையும் வானத்தையும் நோக்கி வெள்ளை ஒளியைக் கொட்டும் உயர்ந்த கம்பங்களால் ஆமைக்கும் கேடு. நடப்பவன் கண்ணுக்கும் கூச்சம்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டவும் தயங்கமாட்டோம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அலையைத் தொடட்டும் என்று 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். அருமையான காரியம். ஆனால் திறந்து இரண்டு வாரம் ஆகுமுன் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. பிறகு பழுது பார்த்தார்கள். கடலோரம் எதைக் கட்டினாலும் கடலின் போக்கைத் தெரிந்து கட்ட வேண்டும். அந்தப் போக்கைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் குப்பத்து மீனவர்கள். அவர்களைக் கலந்து பேசினால் என்ன குறைந்துவிடும்?

எனவே நாம் கோருவது இது. மீனவர்களின் படகுக்கும் வலைக்கும் வீட்டுக்கும் உரிய இடத்தை முதலில் வரையறுத்துவிட்டு, மீதி இடத்துக்குத் திட்டம் போடுங்கள். அந்தத் திட்டத்தைத் தமிழில் அச்சிட்டுக் குப்பங்களில் கூட்டம் போட்டு விளக்குங்கள். நிழல், குடிநீர், கழிப்பிடம் மூன்றுக்கும் முதல் ரூபாயைச் செலவிடுங்கள். ஆமைகள் வரும் மாதங்களில் மணல் பக்க விளக்குகளை அணையுங்கள். சுண்டல் விற்கும் சிறுவியாபாரியை விரட்டாமல் இடம் ஒதுக்குங்கள். விடியுமுன் மணலைச் சுத்தம் செய்யும் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் கொடுங்கள். அவர் கை படாமல் எந்தக் கடற்கரையும் அழகாகிவிடாது.

மெரினா எந்தக் கனவானின் தோட்டமும் அல்ல; கூலிக்காரன் குடும்பத்தோடு உட்காரும் திண்ணை. அந்தத் திண்ணையை மெழுகிக் கோலமிடுங்கள், விளக்கேற்றுங்கள், வரவேற்கிறோம். திண்ணையில் இருப்பவரை எழுப்பி விரட்டிவிட்டு ஏற்றும் விளக்கு மட்டும் வேண்டாம்!