நன்றாக ஓடும் பிள்ளைக்கு வீட்டுப் பயிற்சி கிடையாதாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

"பையன் நல்லாத்தான ஓடுதான், இவனுக்கு எதுக்கு வீட்டுக்கு ஆளு?" போன வாரம் ஓர் அரசு அலுவலகத்தில், மனு கொடுக்க வந்த கூட்டத்தின் நடுவில், பேரனுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தர ஆள் கேட்டுப் போன என் மருமகளிடம் ஓர் அதிகாரி கேட்ட கேள்வி இது. என் பேரனுக்கு நாலு வயது, ஆட்டிசம். அவன் ஓடியது உண்மைதான். கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவருக்குச் சுவர் ஓடினான். அதைத்தான் அந்த அதிகாரி திடகாத்திரம் என்று எடுத்துக்கொண்டார். படுக்கையில் கிடக்கும் குழந்தைக்குத்தான் வீட்டுக்கு ஆள் வருவாராம். நடமாடும் பிள்ளையை வெளியூர்ப் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். வரிசையில் நின்ற ஒருவர், "பிள்ளைய கண்டிச்சு வளக்கணும்" என்று தன் பங்குக்குச் சொல்ல, அதிகாரி அதற்கும் தலையை ஆட்டினார். மருமகள் அங்கே அழவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு அழுதாள்.

வீட்டுப் பயிற்சி யாருக்கு என்பது பழைய பஞ்சாயத்து. பள்ளிக் கல்வித் துறையிடம் போனால் 6 வயது முதல் 18 வரைதான் எங்கள் கணக்கு, அதிலும் பள்ளிக்கு வரவே முடியாதவர்களுக்குத்தான் வீட்டுக்கு வருவோம் என்கிறார்கள். ஆறு வயதுக்குள் என்றால் மையம். மூளை அதிகம் வளைந்துகொடுப்பது முதல் சில வருடங்களில்தான் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சரியாக அந்த வயதில்தான் எங்கள் வீட்டு வாசலை மிதிக்க யாரும் வரவில்லை. சட்டத்தைப் பார்த்தால், 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பேச்சே கிடையாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 குறைபாட்டு வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இருப்பிடத்துக்கு அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டு இலவச மருத்துவ வசதி என்று அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது. ஓடுகிறவனுக்குக் கிடையாது என்று அந்தப் பிரிவில் நான் தேடிய மட்டும் காணோம்.

மையத்துக்குப் போனால் என்ன என்று கேட்பவர்கள் ஒரு நாள் என் பேரனோடு பஸ்ஸில் போய்ப் பார்க்கட்டும். ஹாரன் சத்தத்தில் தொடங்கும் அலறல் இறங்கும் வரை ஓயாது. மையத்துக்குள் நுழையும்போது பிள்ளையும் தாயும் துவண்டுபோயிருப்பார்கள். முக்கால் மணி நேரப் பயிற்சியில் அரை மணி அவன் மேசைக்கடியில் உட்கார்ந்திருப்பான். "கோ-ஆப்பரேட் பண்ணவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தப் பயிற்சிக்கு வேண்டியதெல்லாம் வீட்டில்தான் இருக்கிறது. தட்டு, தம்ளர், சட்டைப் பொத்தான், குளியலறைக் குழாய். உதாரணமாக, பிஸ்கட் வேண்டுமானால் பேரன் விரலால் காட்ட வேண்டும். காட்டிய மறு நொடி கிடைக்க வேண்டும். கத்தினால் கிடைக்கக் கூடாது. மருமகள் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் செய்தாள். அவன் ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை. கத்தின வாயில் இரண்டு பிஸ்கட்டைத் திணித்துவிட்டாள். மறுநாள் கத்தல் இரண்டு மடங்கு. ஆச்சிக்கு யார் எடுத்துச் சொல்வது? அவள் மையத்துக்கு வரப்போவதில்லை. மருமகள் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும்.

இதற்கிடையில் பேச்சுப் பயிற்சிக்குத் திருநெல்வேலியில் ஒருவர், கை விரல் பயிற்சிக்கு இன்னொருவர், உள்ளூரில் ஒரு டீச்சர் என்று கடன் வாங்கிக் காட்டுகிறோம். ஒருவர் கேட்கும் கட்டணம் என் மகனின் ஒரு நாள் தறிக் கூலியைத் தாண்டுகிறது. விரலால் காட்டினாலே கொடுங்கள் என்கிறார் ஒருவர். "தா" என்று ஒலி வந்தால்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் மற்றவர். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியது கிடையாது. மூவர் சொன்னதையும் நோட்டில் எழுதி, முரண்பட்டதற்குச் சிவப்பு மையில் கோடு போட்டு, எதைச் செய்வது என்று முடிவெடுப்பது பிளஸ் டூ வரை படித்த என் மருமகள். அரசிடம் நாங்கள் கேட்பது அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, மூன்று பேரிடமும் பேசி, வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து "இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்ல ஓர் ஆள்.

நிபுணர்கள் இல்லை என்பார்கள். வாரம் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்த கலிஃபோர்னியா உளவியலாளர் லோவாஸ் (அவருடைய 1987 ஆய்வு புகழ் பெற்றது, அவர் கையாண்ட தண்டனை முறையை இன்று யாரும் ஏற்பதில்லை, நானும்தான்) மாதிரி ஒருவரை அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். பிள்ளைகள் தாமாகவே பெற்றோரிடம் தொடர்புகொள்ள முன்வருவது கூடியது என்று 2016இல் முடிவு வெளியானது. ராவல்பிண்டியில் நடப்பது சங்கரன்கோவிலில் நடக்காதா?

அடுத்து, பணம் இல்லை என்பார்கள். டெல்லி நிதி தரவில்லை என்பார்கள். டெல்லிக்கும் சென்னைக்கும் உள்ள வழக்கை நாலு வயதுப் பிள்ளையின் தலையில் கட்ட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது, பிசியோதெரபியும் செய்கிறது, 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. எழுபது வயதுக்காரர் முழங்காலைத் தேடி வருகிற அரசுக்கு நாலு வயதுக்காரன் வீட்டுக்கு மட்டும் வழி தெரியவில்லையா?

ஏப்ரல் 2, ஆட்டிச விழிப்புணர்வு நாள் வந்தால் கட்டடங்களுக்கு நீல விளக்கு போடுவார்கள். அதிகாரிகள் நீல ரிப்பன் குத்திக்கொண்டு "விழிப்புணர்வு" பற்றிப் பேசுவார்கள். யாருக்கு விழிப்புணர்வு? எங்களுக்கா? இரவு இரண்டு மணிக்குப் பேரன் எழுந்து கதவைத் தட்டும்போது இந்த வீடே விழித்துத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் உள்ள சக்கரத்தில் பையனை உட்கார வை, புற்றுமண் பூசு என்று எங்கள் தெருக் கிழவிகள் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவர்கள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையைத் தடவிச் சொன்னார்கள். சம்பளம் வாங்குகிற துறை அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

கேட்பது இரண்டுதான். ஆறு வயதுக்குட்பட்ட ஆட்டிசக் குழந்தைகளுக்கு வீட்டுப் பயிற்சி உண்டு என்று ஓர் அரசாணை. ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பாக ஓர் ஒருங்கிணைப்பாளர், அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத்து மூலமாக. தொகுப்பூதியத்தில் பல வருடமாகத் தேய்ந்துகொண்டிருக்கும் சிறப்புப் பயிற்றுநர்களை நிரந்தரமாக்கினாலே பாதி ஆள் கிடைத்துவிடும்.

எங்கள் மனுவின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். தேதி போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள், நாளைக்கு நாங்கள் "எத்தனை மாதமாயிற்று" என்று கேட்டுவிடக் கூடாது அல்லவா?

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
சங்கரன்கோவில்.