பூட்டும் திறப்பும்



அண்மையில் வடமராட்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பத்து வயது மகள், ஏழு வயதுத் தம்பியின் உயரம்தான் இருந்தாள். "2009 இல மெனிக் பாம் முகாமில பட்டினி கிடந்த உடம்பு என்ர. என்னாலதான் பிள்ளை வளரேல்லையாம் எண்டு மாமி சொல்லுறா. உண்மையோ, மிஸ்?" என்று தாய் கேட்டார். அலுமாரியில் 'உயரம் கூட்டும்' சத்துமாப் பேணிகள் மூன்று இருந்தன.

பிள்ளை எப்படி வளர்கிறது? மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி வளர்ச்சி ஓமோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தோடு ஈரலுக்குப் போய், கலங்களிலுள்ள 'வாங்கி' என்ற புரதத்தோடு பொருந்துகிறது. ஓமோன் திறப்பு என்றால் வாங்கி பூட்டு. பூட்டுத் திறந்தால்தான் ஐ.ஜி.எப்-1 என்ற இன்னொரு ஓமோன் சுரந்து எலும்பு நன்றாக நீளும்.

சிலருக்குத் திறப்பு நிறைய இருக்கும்; பூட்டுத்தான் பழுது. இஸ்ரேலில் வைத்தியர் ஸ்வி லாரன் 1958 முதல் இப்படியான பிள்ளைகளைக் கவனித்து, 1966 இல் எழுதினார். அவர்களின் இரத்தத்தில் வளர்ச்சி ஓமோன் கூடுதலாகவே இருந்தது. பிழை, வாங்கிக்கான பரம்பரையலகில் என்பது 1989 இல்தான் தெரிந்தது. இவர்களுக்கு வளர்ச்சி ஓமோன் ஊசி பயன்படாது, ஐ.ஜி.எப்-1 ஊசியே உதவும். இந்தக் குறை பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழையான அலகு வந்தால்தான் உண்டாகும். நெருங்கிய சொந்தத்துக்குள் கலியாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்புச் சற்றுக் கூட. இதில் தாயை மட்டும் குற்றம் சொல்ல எங்கே இடம்?

ஆனால் இது மிக அரிது. பிள்ளைகள் கட்டையாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பெற்றோரின் உயரம், போதாத சாப்பாடு, அடிக்கடி வரும் நோய் என்பனவே. 2021 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூளையிலுள்ள வேறொரு வாங்கியைப் பற்றி வெளியிட்டனர். உடம்பில் போதிய ஊட்டம் உண்டு என்ற செய்தி அதற்குக் கிடைத்தால்தான் வளர்ச்சியும் பூப்பும் உரிய காலத்தில் நடக்கும். பட்டினி உடம்பைத் தாக்கும், உண்மைதான். முகாமில் பட்டினி கிடந்தது அந்தத் தாயின் குற்றமா?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்து, திகதியோடு குறித்து வையுங்கள். நான்கு வயதுக்குப் பின் வருடத்துக்கு 5 சென்ரிமீற்றர் அளவும் வளராவிட்டால், குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிச் சிறுவர் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். பூப்பெய்திச் சில வருடங்களில் எலும்பு நுனிகள் மூடிவிடும். அதற்கு முன் போகவேண்டும். பேணிக்குக் கொடுக்கும் காசுக்கு முட்டையும் மீனும் கீரையும் வாங்கலாம்.

வரும் கிளினிக் நாளில் அந்தத் தாயோடு நானும் போகிறேன். தானும் வருவதாக மாமி சொல்லியிருக்கிறார்.