ஷோபாவ் எஞ்சின் யாருடையது?

"லாபம் என்ற தூண்டில் இல்லாவிட்டால் மூளை வேலை செய்யாது, போட்டி இல்லாவிட்டால் புதிய யந்திரம் பிறக்காது" என்று முதலாளிகளின் பத்திரிகைகள் ஓயாமல் ஓதிக்கொண்டிருக்கின்றன. ஆலைத் தொழிலாளியிடமும் வயல் கூலியிடமும் இந்த மந்திரத்தை ஒப்பிக்க வருகிறவர்களுக்கு ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் எஞ்சினின் கதையை நாம் சொல்ல விரும்புகிறோம். கதை நமக்கு முழுக்க இனிப்பானதல்ல. அதனாலேயே சொல்கிறோம்.

ஜெர்மனியில், சாக்சனிப் பிரதேசத்தில், ஷோபாவ் என்று ஒரு சிற்றூர். டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முஸ்சென் என்ற முதலாளி அங்கே நிறுவிய டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை, 1920களின் கடைசியில் உலகிலேயே அதிகமாக மோட்டார் சைக்கிள் செய்த தொழிற்சாலை. அங்கே ஹெர்மன் வெபர் என்ற எஞ்சினியர் வடிவமைத்த ஆர்.டி. 125 என்ற வண்டி 1939ல் வெளிவந்தது. எளிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சக்தி ஏறத்தாழ 5 குதிரைசக்தி.

யுத்தத்தில் ஹிட்லர் ஒழிந்த பிறகு அந்த வண்டியின் வடிவம் ஜெயித்தவர்கள் கைக்குப் போயிற்று. பிரிட்டனில் பி.எஸ்.ஏ. பாண்டம், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125, சோவியத் யூனியனில் மாஸ்க்வா எல்லாம் அதன் பிள்ளைகளே. ஜப்பானில் யமஹா கம்பெனி 1955ல் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் இதைப் பார்த்துச் செய்ததுதான். அறிவுச் சொத்து, காப்புரிமை என்று இன்று நமக்கு உபதேசம் செய்கிற கனவான்கள், அன்று வெபரின் வரைபடத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள்?

சோவியத் தரப்பு தொழிற்சாலையின் யந்திரங்களையும் கழற்றிக்கொண்டு போயிற்று. நாஜிகள் சுட்டுப் பொசுக்கிய நாட்டுக்கு நஷ்ட ஈடு கேட்கும் உரிமை இருந்தது; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வெபரும் அங்கே கொண்டு செல்லப்பட்டு, 1948ல் அங்கேயே இறந்தார். அதையும் நஷ்ட ஈட்டுக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட நமக்கு மனம் வரவில்லை.

காலியான கொட்டகைகளில் ஷோபாவ் தொழிலாளிகள் மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை மக்கள் உடைமையாயிற்று, எம்.இசட். என்று பெயர் பெற்றது. யுத்த காலத்தில் ஆயுத வேலையில் இருந்த வால்டர் காடன் என்ற எஞ்சினியர், 1953ல் அதன் பந்தயப் பகுதிக்குப் பொறுப்பேற்றார்.

அவர் பிடித்த பிரச்னையைத் தொழிலாளிகள் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். சாதாரண டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினைப் போல மேலே ஏறி இறங்கும் வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரில் துவாரங்கள். பிஸ்டனே ஏறி இறங்கி அவற்றைத் திறக்கிறது, மூடுகிறது. தொல்லை என்னவென்றால், எரிந்த புகை போகிற துவாரமும் புதுக் கலவை வருகிற துவாரமும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும்போதே எதிர் வரப்பு உடைந்தால் எப்படி? பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு ஓடிப்போகும்.

காடன் அந்த வரப்பை அடைத்தது தகரக் குழாயால். புகை வெளிப்படும்போது ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. குழாய் புனலைப் போல விரிந்துகொண்டே போனால், அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுக்கிறது. பின்னாலேயே புதுக் கலவையும் வருகிறது. அப்புறம் குழாய் குறுகினால், அலை முட்டி அழுத்தமாகத் திரும்புகிறது. வெளியே தப்பிய கலவையை, துவாரம் மூடுவதற்கு முன், உள்ளே தள்ளிவிடுகிறது. வயிறு பெருத்து வால் சிறுத்த குழாய். அசைகிற உறுப்பு அதில் ஒன்றுமில்லை! ஆனால் நீளம் சற்றுத் தப்பினாலும் அலை நேரம் தவறி வரும், எஞ்சின் சோர்ந்துவிடும். ஆகவே குழாயை வெட்டுவது, பற்றவைப்பது, சோதனை மேடையில் எஞ்சினை ஓட்டி சக்தியை அளப்பது, ஆசிலாஸ்கோப் திரையில் அழுத்தத்தைப் பார்ப்பது, மறுபடி வெட்டுவது என்று வருஷக்கணக்கில் வேலை நடந்தது. பிஸ்டன் உருகி இறுகிக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம்.

எல்லாவற்றையும் ஒரு மேதை தனியாகக் கண்டார் என்று கதை கட்டுவது முதலாளிப் பத்திரிகைகளின் பழக்கம். கலவையை நேரம் பார்த்து உள்ளே விடும் சுழல் தட்டு வால்வு, அதே நாட்டுக்காரரான டானியல் ஸிம்மர்மன் செய்து காட்டியது. குழாயில் அலையைப் பயன்படுத்தப் பார்த்தவர்களும் காடனுக்கு முன்பே இருந்தார்கள். அவர் அதை முழுமையாக்கினார். 1961ல் அந்த 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைசக்தி தந்தது. லிட்டருக்கு 200! காற்றை அடைத்துத் தள்ளும் பம்பு இல்லாமல் இந்த அளவைத் தொட்ட முதல் எஞ்சின் அதுவே.

அந்த வருஷம் எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலகப் பட்டத்தை நெருங்கினார். செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தில் எஞ்சின் பழுதாகி நின்றது. டெக்னர் ஷோபாவுக்குத் திரும்பவில்லை. மனைவியும் பிள்ளைகளும் ரகசியமாகக் காரில் எல்லை கடத்தப்பட்டார்கள். அவர் ஜப்பானுக்குப் போய் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். காடனின் வித்தையும் கூடவே போயிற்று. மறு வருஷமே, 1962ல், சுசுகியின் 50 சி.சி. வண்டியில் டெக்னர் உலகச் சாம்பியன். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பெற்ற முதல் உலகப் பட்டம் அது. அதைப் பிறப்பித்த ஷோபாவுக்கு அந்தப் பட்டம் இல்லை.

போட்டிதான் யந்திரத்தைப் பெற்றெடுக்கிறது என்கிறார்களே, இங்கே பெற்றது யார், தொட்டிலோடு தூக்கிப் போனது யார்?

டெக்னரைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்; அன்று முடித்தவர்கள் உண்டு. பெர்லினில் சுவர் எழும்பி அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. உழைப்பாளியின் சர்க்கார் உழைப்பாளியைச் சுவர் கட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது என்றால், குற்றம் ஓடிப்போனவனுடையது மட்டுமா? இதைக் கேட்கக் கூச்சப்பட்டால் மற்றதைப் பேச நமக்கு யோக்கியதை இல்லை. காடன் போகவில்லை. 1963ல் சாக்சன்ரிங் மைதானத்தில் பிரிட்டிஷ் வீரர் மைக் ஹெய்ல்வுட் அவருடைய 250 சி.சி. வண்டியை ஓட்டி ஜெயித்தார். காடன் 1996ல் தம் நாட்டிலேயே காலமானார்.

ஜப்பானியக் கம்பெனிகளின் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பிறகு உலகமெங்கும் பரவின. 1984ல் நம் ஓசூரிலும் சுசுகியின் கூட்டில் 100 சி.சி. வண்டி வந்தது. புகை அதிகம் என்று இந்த எஞ்சின்கள் பின்னர் சாலையிலிருந்து விலக்கப்பட்டன; அது சரியான காரியமே. சாதாரண வண்டியில் அந்த வரப்பு முழுக்க அடைபடவே இல்லை.

ஷோபாவ் என்ன ஆயிற்று? 1990ல் ஜெர்மனி ஒன்றானதும் மக்கள் உடைமைகளைத் தனியாருக்கு விற்கும் படலம் தொடங்கிற்று. 1996ல் மலேசியாவின் ஹாங் லியாங் முதலாளிகள் எம்.இசட்.டை வாங்கினார்கள். லாபத் தூண்டில் அப்போது இருந்தது, போட்டியும் இருந்தது. 2008ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். இப்போது அந்த ஊரில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பார்க்க வேண்டுமானால், முன்னாளில் பிரபுக்கள் வேட்டைக்கு வந்து தங்கிய வில்டெக் கோட்டைக்குப் போக வேண்டும். அங்கே கண்காட்சிப் பொருளாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.