தமிழ் வழியே ஆங்கில நிகழ்காலம்

1956-இல் கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், பாடத்தில் ஆங்கிலம். ஆங்கிலம் வரவேண்டுமென்று வீட்டுத் தமிழை நிறுத்தும் பெற்றோர் உண்டு. அது தவறென்பது என் கருத்து.

'சிம்பிள் பிரசன்ட்' என்றதும் நிகழ்காலம் என்று சொல்லிக்கொடுப்பதால்தான் குழப்பம். ரயில்வேயில் இருந்தவனாகச் சொல்கிறேன்: 'வண்டி இப்போது புறப்படுகிறது' என்றால் 'இஸ் லீவிங்'. 'வண்டி தினமும் ஆறு மணிக்குப் புறப்படும்' என்பதுதான் 'லீவ்ஸ்'. சூரியன் கிழக்கே உதிக்கும், 'ரைசஸ்'. அப்பா தினமும் வேலைக்குப் போவார், 'கோஸ்'. வழக்கத்தை நாம் எதிர்காலம் போலச் சொல்கிறோம்; அவ்வளவே.

அடுத்து, அந்த 'எஸ்'. மலையாளத்தில் ஞானும் 'வருன்னு', அவனும் 'வருன்னு'. தமிழில் நான் வருகிறேன், அவன் வருகிறான். ஆளுக்கேற்ப வினை மாறுவது தமிழ் பேசும் பிள்ளைக்குப் புதிதல்ல.

பிள்ளை தடுமாறினால் 'இப்போதா, தினமுமா?' என்று தமிழிலேயே கேளுங்கள். விடை ஆங்கிலத்தில் வரும்.