காலுக்குத் தெரிந்த சமாசாரம்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் அதன் வர்ணத்தைப் பற்றியும், அது பெட்ரோல் குடிக்கும் அளவைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பிரேக்கைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. மிதித்தால் நிற்கிறது, அதற்குமேல் அதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் நாமும் சென்ற ஆண்டு வரை எண்ணியிருந்தோம். கொல்லிமலை நம் எண்ணத்தை மாற்றிவிட்டது.

அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கை அருவியில் நனைந்து, குடும்ப சகிதமாக மலையிலிருந்து இறங்கிக் கொண்டிருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது குழந்தைகள் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இறங்கும்போது நாம் மூன்றாவது கியரில் வண்டியை விட்டுவிட்டு, காலைப் பிரேக்கிலேயே ஊன்றியிருந்தோம். பாதி வழிக்குமேல் வந்தாயிற்று. ஒரு வளைவுக்கு முன்னால் மிதித்த மிதி, வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல், பஞ்சு மெத்தையில் கால் வைத்தாற்போல் கீழே போயிற்று. வண்டியோ போய்க்கொண்டேயிருந்தது. இரண்டு மூன்று தடவை அவசரமாக மிதித்ததில் பாதிப் பிடிப்புக் கிடைத்தது. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கையும் இழுத்து, மலைச் சரிவை ஒட்டி ஒருவாறு நிறுத்தினோம். பின் ஆசனத்தில் நம் தாயார் எதுவும் அறியாமல் முறுக்கு விநியோகம் செய்துகொண்டிருந்தார்!

விசித்திரம் அதற்கப்புறந்தான். அரை மணி நேரம் ஆறவிட்டு மிதித்துப் பார்த்தால், மிதி கல்லைப்போல் நிற்கிறது. ஒரு கோளாறும் இல்லை. முதல் கியரில் நத்தையாக ஊர்ந்து நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். லாரிகளுக்குப் பெயர்போன ஊராயிற்றே. வயதான மெக்கானிக் ஒருவர் அகப்பட்டார். அவர் வண்டியைத் தொடவேயில்லை. "மிதி உள்ளே போச்சுங்களா, இல்லே மிதி நின்னு வண்டி நிக்கலீங்களா?" என்று கேட்டார்.

இந்த ஒரு கேள்வியில் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது. மிதி கெட்டியாக நின்றும் வண்டி நிற்காவிட்டால், சக்கரத்தருகே உராயும் பிரேக் பேட் அளவுக்குமீறிச் சூடாகிப் பிடிப்பை இழந்துவிட்டது என்று பொருள். மிதியே உள்ளே போனால், குற்றம் பிரேக் ஆயிலில்.

காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இந்த ஆயில்தான். 1921-இல் அமெரிக்க டூசன்பர்க் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் திரவப் பிரேக் வந்தது. அதற்கு முன் கம்பியும் சலாகையுமே இந்த வேலையைச் செய்தன. திரவம் அமுங்காது, ஆகையால் இங்கே அழுத்தினால் அங்கே பிடிக்கும். ஆனால் ஆவி அமுங்கும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 என்ற வகை, புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி செண்டிகிரேட் வரை கொதிக்காது. நூற்றுக்கு நாலு பங்குகூட நீர் சேரவேண்டாம். கொதிநிலை 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடக்கூடும். மலை இறக்கத்தில் ஓயாமல் மிதித்த சூட்டில் உள்ளே ஆவிக் குமிழ் கிளம்புகிறது. நம் கால் சக்கரத்தை அழுத்தாமல் குமிழை அழுத்துகிறது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். திருடன் போனபின் வீட்டில் தடயமே இராது.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்புதான் நம் ஊரில் ஒரு பட்டறைக்காரர் வண்டியைப் பார்த்து, "பிரேக் நன்றாயிருக்கிறது" என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. சமதரையில், ஆறிய பிரேக்கை மிதித்துப் பார்த்தார், நன்றாகத்தானே இருந்தது! ஆயிலை மாற்றி எத்தனை நாளாயிற்று என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

வேறு சேதிகளையும் கால் சொல்லும். சூடில்லாதபோதே மிதி மெத்தென்றிருந்து, அடுத்தடுத்து மிதித்தால் உயர்கிறதா? குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். ஏர் எடுக்க வேண்டும். காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்குகிறதா? எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்துவிட்டது. அந்த வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுக்கலாகாது. மிதி மரக்கட்டைபோல் இறுகியிருந்தால் பூஸ்டரைச் சந்தேகிக்கலாம். என்ஜினை நிறுத்திப் பல தடவை மிதித்து, காலை அழுத்தியபடியே என்ஜினைக் கிளப்பினால் மிதி சற்றே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் சந்தேகம் ஊர்ஜிதம். மழை ரோட்டில் சட்டென்று மிதிக்கும்போது கால் கிடுகிடுவென்று அதிர்வது மட்டும் கோளாறல்ல. ஏ.பி.எஸ். தன் கடமையைச் செய்கிறது. பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

மெக்கானிக் பழைய ஆயிலை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் காட்டினார். காபி டிகாக்ஷன் தோற்றது. நிறத்தை மட்டும் பார்த்து ஈரத்தை அறிய முடியாது என்றும் சொன்னார். பிறகு, "ஏறுன கியரிலேயே இறங்கோணுமுங்க, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடோணும்" என்றார்.

டிசம்பரில் மீண்டும் கொல்லிமலைக்குப் போனோம். இறங்கும்போது என்ஜின் உறும உறும, ஏறிய கியரிலேயே வந்தோம். பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்துகொண்டு ஹாரன் அடித்தன. அகலமான இடம் வந்தபோது ஒதுங்கி வழிவிட்டோம். குழந்தைகள் இந்தத் தடவை 70 வளைவுகளையும் தலைகீழாக எண்ணி முடித்தார்கள்.