வெட்டுப்புள்ளியா நமக்கு வழிகாட்டி?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் தமிழர்தம் இல்லங்களிலே ஒருவகைச் சோதிடம் தொடங்கிவிடுகின்றது. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளிப் பட்டியலே பஞ்சாங்கம். ரியூட்டரி ஆசிரியரே சோதிடர். மகனுடைய இசட் புள்ளி இவ்வளவு. நம் மாவட்டத்தில் இன்ன கற்கைநெறிக்குச் சென்ற ஆண்டு இவ்வளவு. ஆகவே இதற்குப் போகலாம், அதற்குப் போகலாகாது, இன்னொன்றுக்குப் போனாற் புள்ளி வீண். கணக்கு முடிந்துவிடுகின்றது. பிள்ளையின் விருப்பத்தை ஒருவரும் வினவுவதில்லை. வினவினாலுந்தான், மூன்று பாடங்களின் வினாத்தாள்களையன்றி வேறொன்றையுங் கண்டறியாத பிள்ளை யாது பகரும்?

புள்ளி 'வீணாவது' என்னும் இச்சொல்லையே நாம் இன்று எடுத்து ஆராய விரும்புகின்றோம்.

வெட்டுப்புள்ளி என்பது யாது? ஒரு கற்கைநெறிக்கு ஓராண்டிற் கடைசியாக இடம்பெற்ற மாணவருடைய புள்ளி. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இடங் குறைந்து, விரும்புவோர் பெருகினால் அது உயரும். இடம் பெருகினாற் தாழும். மீன் வரத்துக் குறைந்த நாளில் நம் சந்தைகளிலே சூடையும் விலையேறுகின்றது. அதனாற் சூடை பாரையாகிவிடுவதில்லை. இசட் புள்ளியின் தன்மையும் அத்தகையதே. ஒரு பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கின்றார் என்பதை அது காட்டும். எத்தொழிலில் அவர் நாற்பது ஆண்டுகள் மனச்சலிப்பின்றி உழைப்பார் என்பதை அது காட்டாது.

சட்டம் பயின்றோர் என்ற முறையில், விதியை விதியாகவே படிக்குமாறு பெற்றோரை வேண்டுகின்றோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாணவரின் விருப்பத் தெரிவுகளை மேலிருந்து கீழாகவே நோக்குகின்றது. எந்தத் தெரிவுக்கு முதலிற் புள்ளி போதுமாகின்றதோ அதுவே கிடைக்கும். எட்டாதென எண்ணும் ஒன்றை முதலிடத்தில் எழுதுவதால் யாதொரு நட்டமுமில்லை. அது கிட்டாவிடின் அடுத்ததற்கு நகரும். ஆனால், மனம் நாடும் கற்கைநெறியை ஐந்தாம் இடத்திலே வைத்து, ஊரார் மெச்சும் கற்கைநெறியை இரண்டாம் இடத்திலே வைத்துவிட்டால், புள்ளி போதுமாயின் அந்த இரண்டாவதே தலையில் விழும். ஐந்தாவதை ஒருவரும் ஏறெடுத்தும் பாரார். தீவு முழுமைக்குமான தகுதி நூற்றுக்கு 40, மாவட்டம் 55, பின்தங்கிய மாவட்டங்கள் 5 என இடங்களைப் பகுப்பது அரசு; வினாத்தாளை ஆக்குவதும் திருத்துவதும் பரீட்சைத் திணைக்களம். இத்தனைக்கும் நடுவே மாணவன் தன் சித்தப்படி செய்யக்கூடியது ஒன்றேயொன்று: அந்த வரிசை. அதனையும் சென்ற ஆண்டின் பட்டியலிடம் அடகு வைக்கின்றோம்!

நம் சமுதாயத்துக்கு இந்நோய் எங்ஙனம் வந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் இளைஞரின் அரசாங்க உத்தியோக வாயிலைக் குறுக்கிற்று. எந்நாட்டிலும் விலைபோகும் மருத்துவமும் பொறியியலுமே இனிக் கதி என்று பெற்றோர் கருதினர். அதிற் பிழை காண முடியாது. பின்னர் 1971 இல் தரப்படுத்தல் வந்தது; அது முதலிலே தாக்கியதும் அவ்விரண்டு வாயில்களையே. அடுத்து மாவட்ட ஒதுக்கீடு வந்தது. நியாயமான சினம் மூண்டது. அதன் விளைவை நாடறியும். ஆனால் அச்சினத்தோடு ஒரு மயக்கமும் நம்முள்ளே குடிபுகுந்தது. அடைக்கப்பட்ட கதவுக்குப் பின்னால் இருப்பது மட்டுமே செல்வம் என்ற மயக்கம் அது. அரை நூற்றாண்டு சென்றும் அது தீர்ந்தபாடில்லை. மருத்துவத்துக்குச் சற்றே புள்ளி குறைந்த பிள்ளை தோற்றுப்போன பிள்ளையாக வீட்டுக்குள் ஒடுங்குகின்றது.

இதற்கிடையே நம் மக்களுக்கு எவர் தேவைப்படுகின்றனர் என்பதை எண்ணிப்பாருங்கள்.

நீதிமன்றங்களிலே பாகப்பிரிவினை வழக்குகள் ஆண்டுக்கணக்கிற் கிடக்கின்றன. நில அளவையாளரின் வரைபடம் வராமல் அவ்வழக்கு ஓரடியும் நகராது. நிலமே நம் அரசியலின் உயிர்நாடி என மேடைதோறும் முழங்குகின்றோம். நிலத்தை அளக்கக் கற்பிக்கும் பட்டப்படிப்பு சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் உண்டென்பதை நம் பெற்றோருள் எத்தனை பேர் அறிவர்? 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. இன்றும் தமிழருக்குத் தனிச் சிங்களத்திற் கடிதங்கள் வருகின்றன. அதிற் பாதி அரசின் மனமின்மை. மறுபாதி, இரு மொழியிலும் சட்டத்தமிழும் நிருவாகத்தமிழும் எழுதவல்ல மொழிபெயர்ப்பாளர் போதாமை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதென்ற பிரச்சினை 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே எழுந்தபோது, வலிகாமம் முழுவதும் தேடியது நிலத்தடி நீரின் போக்கை அறிந்தவரை. சுண்ணாம்புக்கல்லின்மேல் வாழும் மக்கள் நாம்; பேராதனையில் இருக்கும் புவிச்சரிதவியற்றுறையை நாடுவோரோ சிலர். மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரையுங் கடல் சூழ வாழ்கின்றோம். மீன்பிடிக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் உரிய பீடம் மாத்தறையிலே ருகுணைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. கரையோரத்துப் பிள்ளை அங்கே போக விரும்பினால், "கடலை விட்டு வரத்தானே உன்னைப் படிப்பித்தோம்" என்று தந்தையே தடுக்கின்றார். அவருடைய துயரம் நமக்கு விளங்காமலில்லை. ஆயினும் கடலைக் கற்றவன் கடலில் வலை இழுக்க வேண்டுமென்பதில்லை.

விருப்பத்தைப் பின்பற்று என்று உபதேசிப்பது எளிது. அடகிலே நகையும் மணமாகாத தங்கையும் உள்ள வீட்டிலே அவ்வுபதேசம் கசக்கும். சம்பளத்தை எண்ணாதீர் என நாம் சொல்லமாட்டோம். எண்ணுங்கள், ஆனால் முழுமையாக எண்ணுங்கள். 2017 இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியோரத்தில் நாட்கணக்காக அமர்ந்திருந்ததைக் கண்டோம். அவர்களது கோரிக்கையில் நியாயமிருந்தது. எனினும் பத்தொன்பது வயதில் அவர்கள் பாடங்களைத் தெரிந்தபோது, "இதை முடித்தபின் எந்த மேசையில், என்ன வேலையைச் செய்வாய்?" என்று ஒருவராவது கேட்டிருப்பரோ? கலைப்பீடத்துக்குப் போவது குற்றமன்று. புவியியலை நேசிப்பவன் அதனோடு கணினி வரைபடமாக்கலையும் கற்கட்டும். பொருளியலை எடுப்பவள் புள்ளிவிபரவியலுக்கு அஞ்சாதிருக்கட்டும். இருவரும் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் கைவிடாதிருக்கட்டும்.

பட்டத்துக்கும் தொழிலுக்கும் நடுவிலுள்ள படிகளையும் கேட்டறிய வேண்டும். நம் துறையையே சொல்வோம். எப்பிரிவிற் படித்தவரும் சட்டப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கொழும்பிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் அது உண்டு. ஆனால் பட்டம் பெற்றதும் கறுப்பு அங்கி கிடைத்துவிடாது. சட்டக் கல்லூரியின் பரீட்சைகளும் தொழிற்பயிற்சியும் அதன் பின்னரும் காத்திருக்கின்றன. திரைப்படத்திலே வாதம் கேட்டுச் சட்டத்துக்கு ஆசைப்படும் இளைஞருக்கு நாம் வழக்கமாகக் கூறுவது ஒன்றுண்டு: நீதிவான் நீதிமன்றம் திறந்த மன்று; இரண்டு நாள் பின்வரிசையில் வந்து அமருங்கள். தவணை கேட்பதும் கோப்புத் தேடுவதுமே பெரும்பொழுது என்பதைக் கண்ட பின்னும் ஆசை நிற்குமாயின் தாராளமாக வாருங்கள். மருத்துவமனை விடுதி, பண்ணை, வங்கி, பாடசாலை, கணினி நிறுவனம் யாவற்றுக்கும் இஃது ஒக்கும். அங்கே பத்து ஆண்டுகள் உழைத்த ஒருவரிடம், காலை முதல் மாலை வரை உண்மையில் அவர் செய்வது என்னவென்று அரைமணி நேரம் கேட்பது, சென்ற ஆண்டின் பட்டியலைப் பத்து நாள் பார்ப்பதிலும் மேலானது.

விருப்பத்துக்கு மாறான இடமே கிடைத்துவிட்டது என்போருக்கும் ஒரு சொல். யாழ் நூலை 1947 இல் தந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943 இல் அமர்ந்தவரும் அவரே. பழைய யாழின் சுருதிகளைக் கணிக்க அவருக்குக் கைகொடுத்தது கணிதம்.

விண்ணப்ப காலம் குறுகியது. கட்டடக்கலைக்கும் இசைக்கும் நடனத்துக்கும் தனியே தகைமைப் பரீட்சைகள் உள. அவற்றுக்குரிய அறிவித்தல்களைப் பார்க்கத் தவறினால், எவ்வளவு உயர்ந்த புள்ளியிருந்தும் அத்தெரிவுகள் பயனற்றுப்போம். விண்ணப்பம் இணையவழியிலே நிரப்பப்படுவதால், பல ஊர்களில் அதனை நிரப்பும் கை ரியூட்டரிக்காரருடையதாகவோ கணினிக் கடைக்காரருடையதாகவோ இருக்கின்றது. அங்கே செல்லுமுன் பிள்ளை தன் வரிசையைத் தானே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தையும் ஒரு வரியில் எழுதட்டும். 'சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளி கூட' என்பதைக் காரணமாக எழுதிய வரிகளைப் பெற்றோர் சிவப்பு மையால் வெட்டிவிட்டு மறுபடியும் கேட்கட்டும்.