48 ஆயிரம் ரூபாய் கை நழுவுவது எப்படி? 'சர்க்குலர்' குவியலில் மூழ்கும் பள்ளிக்கூடச் சேதி!

கேளம்பாக்கம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் 8-ம் வகுப்பு படிக்கும் ஒரு பையன், ஒரே ஒரு பரீட்சையில் தேறினால் அவன் பெயரில் 48 ஆயிரம் ரூபாய் வரும். அந்தப் பரீட்சை பற்றிய சேதி அவன் வீட்டுக்குப் போய்ச் சேராவிட்டால் ஒரு பைசாகூட வராது.

சேதி வந்துதான் இருக்கும். ஹெட்மாஸ்டர் கைக்கு வந்திருக்கும். ஆசிரியர்களின் 'வாட்ஸ்அப்' குழுவிலும் விழுந்திருக்கும். ஆனால் அதற்கு மேலே பத்து சேதி, கீழே பத்து சேதி! எல்லாவற்றிலும் 'அவசரம்', 'மிக அவசரம்', 'இன்று மாலைக்குள்'!

எது நிஜமான அவசரம்? யாருக்குத் தெரியும்?

அது என்ன பரீட்சை?

தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் தேர்வு என்று அதற்குப் பெயர். சுருக்கமாக 'என்.எம்.எம்.எஸ்.' மத்திய அரசின் திட்டம்.

8-ம் வகுப்பில் தேர்வு எழுத வேண்டும். தேறினால் 9-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை வருஷத்துக்கு 12 ஆயிரம் ரூபாய். நாலு வருஷத்துக்குக் கூட்டினால் 48 ஆயிரம். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் 3½ லட்ச ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ-மாணவிகள் எழுதலாம். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது.

தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியுள்ள இடங்கள் 6 ஆயிரத்து 695.

ஆட்டோ ஓட்டுகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், உப்பளத்தில் கூலி வாங்குகிறவர், சிறுசேரி கம்பெனிகளில் தரை துடைக்கிறவர், இவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே வந்த திட்டம் இது. அப்படிப்பட்ட வீடுகள் கேளம்பாக்கத்தைச் சுற்றி எத்தனை இருக்கின்றன என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அன்று நோட்டு, இன்று போன்!

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் 'சர்க்குலர் நோட்டு' என்று ஒன்று உண்டு. ஹெட்மாஸ்டர் எழுதிக் கொடுப்பார். பியூன் வகுப்பு வகுப்பாக எடுத்துப் போவார். வாத்தியார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போட்டுவிட்டு 'எனக்குத் தெரியாதே சார்' என்று சொல்ல முடியாது.

கையால் எழுத வேண்டும் என்பதால் அதில் அளவும் இருந்தது. வாரத்துக்கு நாலைந்து சேதி இருந்தால் அதிகம்.

இப்போது எழுதவும் வேண்டாம், பியூனும் வேண்டாம். இயக்குநர் அலுவலகத்தில் இருந்து மாவட்டத்துக்கு. முதன்மைக் கல்வி அலுவலரிடம் இருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு. அவரிடம் இருந்து ஹெட்மாஸ்டருக்கு. ஹெட்மாஸ்டர் விரலால் ஒரு தட்டு தட்டினால் எல்லா ஆசிரியருக்கும் போய்விடும். ராத்திரி பத்து மணிக்கும் போகும்!

ஆபீசு குமாஸ்தாக்களுக்கு இது நன்றாகப் புரியும். முதலில் கடிதம். பிறகு 'நினைவூட்டு-1'. அப்புறம் 'நினைவூட்டு-2'. அதற்கும் அசையாவிட்டால் '17-ஏ' மெமோ! பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். வித்தியாசம் என்னவென்றால், ஆபீசில் தேங்குவது பைல். பள்ளிக்கூடத்தில் தேங்குவது பிள்ளைகளின் பாடம்.

மூன்று ரகம்

பள்ளிக்கு வரும் நினைவூட்டல்களைப் பிரித்துப் பார்த்தால் மூன்று ரகம் தெரியும்.

முதல் ரகம், பிள்ளையின் பாதுகாப்பு. குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 ஆகியவற்றை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்பது ஒன்று. 'போக்சோ' சட்டம் பற்றிய எச்சரிக்கை இன்னொன்று. 2012-ல் வந்த இந்தச் சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மூடி மறைத்தால் 6 மாதம் வரை ஜெயில். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை! இந்த நினைவூட்டலைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

இரண்டாவது ரகம், பிள்ளைக்குச் சேர வேண்டியது. உதவித்தொகை, பஸ் பாஸ், திறனறித் தேர்வு எல்லாம் இதில் அடங்கும்.

மூன்றாவது ரகம், மேலிடத்துக்குப் போக வேண்டிய கணக்கு. 'எமிஸ்' பதிவு, போட்டோ, வீடியோ, அறிக்கை, 'செய்து முடித்தேன்' என்ற சான்று. கூடவே புதுப்புது உத்தரவுகள். 2025-ல் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கச் சொன்னார்கள். அது நல்ல காரியம். அதே ஆண்டு வகுப்பில் பெஞ்சுகளை 'ப' வடிவில் போடலாம் என்று வந்த யோசனை எவ்வளவு விவாதத்தைக் கிளப்பியது என்பது வாசகர்கள் அறிந்ததே.

சிக்கல் எங்கே என்றால், மூன்று ரகமும் ஒரே குழுவில், ஒரே குரலில், ஒரே 'அவசரம்' முத்திரையோடு வருகின்றன. மூன்றாவது ரகத்துக்குப் பதில் போடாவிட்டால் அன்றைக்கே கேள்வி வரும். இரண்டாவது ரகத்தை விட்டுவிட்டால் கேட்பார் யாரும் இல்லை. தனக்கு என்ன போச்சு என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாதே!

ஆக, கேள்வி கேட்கப்படுகிற வேலை முந்திக்கொள்கிறது. கேள்வி கேட்கப்படாத வேலை பிந்திப் போகிறது. இது எந்தத் தனி ஆளின் குற்றமும் அல்ல. ஏற்பாடு அப்படி அமைந்துவிட்டது.

'எமிஸ்' வில்லனா?

அப்படியானால் கம்ப்யூட்டர் பதிவே வேண்டாமா? அப்படிச் சொல்வதும் தப்பு.

2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண், கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தார்கள். 6-ம் வகுப்பில் இருந்தே அரசுப் பள்ளிதான் என்பதற்கு யார் சாட்சி? பள்ளிப் பதிவுதான் சாட்சி!

பதிவில் ஓர் எழுத்து பிசகினாலும் வம்பு. நம் ஊர்ப் பெயரே இதற்கு உதாரணம். 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். அதுமுதல் கேளம்பாக்கமா, கிளாம்பாக்கமா என்று வெளியூர்க்காரர்கள் விழிக்கிறார்கள். ஓர் இடம் பழைய மகாபலிபுரம் ரோட்டில். இன்னொன்று ஜி.எஸ்.டி. ரோட்டில்! ஊருக்கே இந்தக் குழப்பம் என்றால், ஆதாரில் ஒரு மாதிரியும் பள்ளியில் வேறு மாதிரியும் பெயர் இருக்கும் பிள்ளையின் கதியை நினைத்துப் பாருங்கள். பணம் வங்கி வாசலிலேயே நின்றுவிடும்.

ஆகவே பதிவு வேண்டும். ஆனால் அதை எத்தனை தடவை கேட்பது? யார் செய்வது? எந்த நேரத்தில் செய்வது? இவைதான் கேள்விகள். 2023 அக்டோபரில் தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான 'டிட்டோஜாக்' போராட்டத்தில் குதித்தபோது, 'எமிஸ்' சுமையும் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 8-ம் வகுப்பு வரையிலான ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை என்று அதன் அட்டவணை சொல்கிறது. பாடத்துக்குத் தயார் செய்யும் நேரமும் அந்த 45-க்குள் சேர்த்தி! வீட்டில் உட்கார்ந்து நோட்ஸ் எடுப்பதும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

அதே சட்டத்தின் 27-வது பிரிவு, படிப்புக்குச் சம்பந்தம் இல்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. மூன்று விலக்கு உண்டு. பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல்.

வாக்காளர் பட்டியல் வேலை பற்றி 2007-லேயே சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வேலையை விடுமுறை நாளிலும், பாடம் இல்லாத நேரத்திலும்தான் ஆசிரியர்களிடம் வாங்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

நவம்பர், டிசம்பர் நெரிசல்

இப்போது காலண்டரைப் பாருங்கள்.

நவம்பர், டிசம்பர் என்றால் நம் பக்கம் மழை. லீவு விட்டால் சனிக்கிழமை ஈடுகட்ட வேண்டும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது சென்னை, செங்கல்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகளைத் தொடர்ந்து மூடி, 11-ந் தேதிதான் திறந்தார்கள். அரையாண்டுத் தேர்வும் தள்ளிப்போனது.

2025-ல் நவம்பர் 4-ந் தேதி வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள்.

மழை லீவு சேதி, அரையாண்டு வினாத்தாள் சேதி, பட்டியல் வேலை சேதி, பதிவு சேதி. உதவித்தொகை விண்ணப்பமும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான் வந்து நிற்கிறது! எல்லாம் ஒரே வாசலில் முட்டி மோதும்போது குரல் இல்லாத சேதி மிதிபடத்தானே செய்யும்?

தேர்வில் தேறியதோடும் வேலை முடியாது. ஒவ்வொரு வருஷமும் தேசிய உதவித்தொகை இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். முதலில் பள்ளி சரிபார்க்க வேண்டும். பிறகு மாவட்டம் சரிபார்க்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் அந்த வருஷத்து 12 ஆயிரம் நின்றுவிடும். படித்துத் தேறிய பிள்ளைக்குப் பணம் வராமல் போவது, சேதியே தெரியாமல் போவதைவிடக் கொடுமை அல்லவா?

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் தேவையில்லை.

வாரத்துக்கு ஒரே ஒரு தாள் போதும். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே தயாராக வேண்டும். என்ன வேலை, யார் பொறுப்பு, கடைசித் தேதி எது? இந்த மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும்.

தாளின் தலையில் பிள்ளையின் பாதுகாப்பும் பிள்ளைக்கு வர வேண்டிய பணமும். மேலிடத்துக் கணக்கு அதற்குக் கீழே. மழை லீவு மாதிரி நிஜ அவசரத்தைத் தவிர வேறு எதையும் ராத்திரியில் அனுப்பக் கூடாது.

அந்தத் தாளில் ஒரு நகல் பள்ளி கேட்டில் ஒட்டப்பட வேண்டும். இதுதான் முக்கியம். ஆசிரியருக்கு மட்டும் தெரிந்த சேதி மறந்து போகலாம். நாலு தாய்மார்கள் படித்த சேதி மறக்காது! 'சார், பரீட்சைக்குப் பேர் கொடுத்தாச்சா?' என்று ஓர் அம்மா கேட்டுவிட்டால், அதைவிடப் பெரிய நினைவூட்டல் ஏது?

கேட்பதற்கு உரிமையும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 'இந்த மாதம் எந்தெந்த உதவித்தொகைக்குக் கடைசித் தேதி வருகிறது? எத்தனை பிள்ளைகள் விண்ணப்பித்தார்கள்?' என்ற இரண்டு கேள்வியை அந்தக் குழு மாதம் தவறாமல் கேட்டால் போதும். அப்போது இரண்டாவது ரகத்துக்கும் 'கேட்பார்' வந்துவிடுவார்.

மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இரண்டு தேர்வு உண்டு. ஒன்று, தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. தேறுகிற 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. இன்னொன்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான முதல்-அமைச்சர் திறனாய்வுத் தேர்வு. இதில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 10 ஆயிரம் ரூபாய். இவையும் அந்தத் தாளில் தலைப்பில் இருக்க வேண்டியவை.

கடைக்காரர்களும் செய்யலாம்

கேளம்பாக்கம் கூட்டு ரோட்டில் ஜெராக்ஸ் கடை, மளிகைக் கடை, டீக்கடை வைத்திருக்கிறவர்கள் மனது வைத்தால் அந்தத் தாளில் ஒரு நகலைக் கடை வாசலில் ஒட்டலாம். வேலைக்குப் போகிற தகப்பன் பள்ளி கேட்டுக்குப் போகமாட்டான். டீக்கடைக்குப் போவான்!

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுக்க வேண்டும். அது கைக்கு வர நாளாகும். சேதி கடைசி நாளில் தெரிந்தால் சான்றிதழுக்கு எங்கே போவது?

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 8-ம் வகுப்புப் பிள்ளை இருக்கிறதா? அது அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ என்றால் நாளைக் காலையே வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். நூறு நினைவூட்டல்களுக்கு நடுவே, பிள்ளைக்காக வந்த ஒரு நினைவூட்டல் அது!